தன்னிரக்கமும் தன்பரிவும்: சமூகப்பணி மாணவர்க்கான மனநல வினாநிரல் தமிழாக்கம் – பெருமாட்டி எல்லைப்பகுதியை முன்வைத்து

1. முன்னுரை

சமூகப்பணி பயிலும் மாணவர் பிறர் துன்பத்தைக் கேட்டுப் பதிவு செய்யவும், அதனைக் களையும் வழிகளைக் காணவும் பயிற்சி பெறுகின்றனர். வகுப்பறைக் கல்விக்கு இணையாகக் களப்பணியும் அவர்களுக்குக் கட்டாயமாகும். நோயாளி, கைவிடப்பட்ட முதியோர், நிலமிழந்தோர், பேரிடரில் உறவினரைப் பறிகொடுத்தோர் ஆகியோரை இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே அவர்கள் நேரில் சந்திக்கின்றனர். இத்தகைய பணியினால் மனம் அடையும் தளர்ச்சியைச் சார்ல்ஸ் ஃபிக்லி என்னும் அமெரிக்க அறிஞர் 1995ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பு நூலில் பரிவுச் சோர்வு என்னும் பொருள்பட விளக்கினார். பிறர்க்கு இரங்குபவர் தம்மையும் பேணிக்கொள்ள வேண்டும் என்னும் கருத்து அதன்பின் உளவியலிலும் சமூகப்பணிக் கல்வியிலும் வலுப்பெற்றது.

இக்கருத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் செல்ஃப் கம்பேஷன் என்பதாகும். இதனைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். நேர்ப்பெயர்ப்பாக எவர்க்கும் முதலில் தோன்றுவது தன்னிரக்கம் என்னும் சொல்லாகும். ஆயின் தமிழ் வழக்கில் அச்சொல் இக்கருத்தைச் சுட்டுவதில்லை. இக்கருத்து எதனை விலக்குகிறதோ அதனையே சுட்டுகிறது. ஒரு சொல்லின் பிழை ஒரு வினாநிரலைப் பழுதாக்கும். வினாநிரலின் பழுது ஒரு மாணவரின் மனநிலை பற்றிய முடிவையே திரித்துவிடும். ஆதலின் இது கலைச்சொல்லாக்கச் சிக்கல் மட்டுமன்று. மாணவர் நலனோடு தொடர்புடைய சிக்கலுமாகும்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சிற்றூர் வட்டத்தில் அமைந்த பெருமாட்டி ஊராட்சியும், அதனைப் போன்றே தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இடுக்கி மாவட்ட மலைப்பகுதிகளும் இவ்வாய்வுக்குக் களமாகக் கொள்ளப்படுகின்றன. இருமொழி வழங்கும் இடத்தில் சொற்பொருள் வேறுபாடுகள் தெளிவாகப் புலப்படுவதே இத்தேர்வுக்குக் காரணம்.

2. களத்தின் மொழிநிலை

1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்புக்கு முன்னர், பாலக்காட்டின் பெரும்பகுதி சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. சிற்றூரோ கொச்சி அரசுக்கு உரியதாக இருந்தது. தேவிகுளம், பீர்மேடு ஆகிய மலை வட்டங்கள் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. இவ்வாறு வெவ்வேறு ஆட்சிகளின்கீழ் இருந்த தமிழர் கேரளத்தில் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் ஆட்சிமொழிகளாகக் கொண்டபோதிலும், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியிலேயே கடிதப்போக்குவரத்து வைத்துக்கொள்ள இடமளிக்கிறது.

பெருமாட்டியின் பெயரை உலகறியச் செய்தது பிளாச்சிமடை ஆகும். 2000ஆம் ஆண்டில் அங்கு இயங்கத் தொடங்கிய கொக்கோ கோலா ஆலை நிலத்தடி நீரை எடுத்ததை எதிர்த்து 2002 ஏப்ரல் 22 அன்று போராட்டம் தொடங்கியது. இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா அப்போராட்டத்தின் முகமாக விளங்கினார். 2003ஆம் ஆண்டில் ஊராட்சி ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6 இரவு நிகழ்ந்த நிலச்சரிவு, தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகளைப் புதைத்து எழுபது உயிர்களைக் கொண்டது.

இத்தகைய இடங்களில் களப்பணியாற்றும் மாணவர் மூன்று மொழிநிலைகளைக் கடக்க வேண்டியுள்ளது. மக்களோடு உரையாடுவது பேச்சுத் தமிழில். அலுவலகங்களில் ஆவணங்கள் மலையாளத்தில். பாடமும் களப்பணி அறிக்கையும் ஆங்கிலத்தில். ‘மனசு ஆறல’ என்று ஒருவர் சொன்னது, அறிக்கையில் ஆங்கிலக் கலைச்சொல்லாக மாறிவிடுகிறது. பிறர் துன்பத்திற்கு மட்டுமன்றி மாணவர் தம் துன்பத்திற்கும் இதுவே நிலை. தம் மனநிலையை எழுத அவர்களுக்குப் பயிற்றப்பட்ட மொழி ஒன்று. அதனை உணரும் மொழி பிறிதொன்று.

3. கருத்தும் அளவுகோலும்

டெக்சாசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் நெஃப் 2003ஆம் ஆண்டில் இக்கருத்தை வரையறுத்து அதற்கோர் அளவுகோலையும் வெளியிட்டார். பௌத்தச் சிந்தனையினின்று அவர் பெற்ற இக்கருத்து மூன்று இணைகளைக் கொண்டது. தன்னிடம் கனிவு காட்டல், தன்னைக் கடிந்து தீர்ப்பிடல் என்பன முதல் இணை. துன்பமும் தவறும் மனிதர் யாவர்க்கும் பொது என உணர்தல், தான் மட்டுமே தனித்துவிடப்பட்டதாக எண்ணல் என்பன இரண்டாம் இணை. துன்பத்தை மிகையோ குறையோ இன்றி விழிப்புடன் நோக்கல், அதிலேயே மூழ்கிப்போதல் என்பன மூன்றாம் இணை. அளவுகோலின் 26 கூற்றுகளுள் முதல் இணைக்கு ஐந்தைந்தும், ஏனைய இரண்டு இணைகளுக்கு நான்கு நான்கும் உரியன. ஒவ்வொரு கூற்றும் தமக்கு எத்துணை அடிக்கடி பொருந்தும் என்பதை விடையளிப்போர் ஐந்து படிகளில் குறிக்க வேண்டும். எதிர்நிலைக் கூற்றுகளின் மதிப்பெண் தலைகீழாக்கிக் கூட்டப்படும். 2011ஆம் ஆண்டில் 12 கூற்றுகள் கொண்ட சுருக்க வடிவமும் வெளிவந்தது.

இவ்வளவுகோலைக் கொண்டு பல ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. மக்பெத், கம்லி ஆகியோர் 2012ஆம் ஆண்டில் முன்னைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, இப்பண்பு மிகுந்தோரிடத்தில் மனச்சோர்வு, பதற்றம் முதலியன குறைந்திருப்பதைக் கண்டனர். ஒட்டுறவுக் கெழு –0.54 ஆக இருந்தது. பிரிட்டனில் சமூகப்பணி மாணவரிடையே யசுஹிரோ கொடேராவும் உடனாய்வாளரும் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, மனநலச் சிக்கல் குறித்த நாணம், தன்னைக் கடிதல், தன்னிடம் காட்டும் பரிவு ஆகியன மாணவரின் மனநலத்தோடு பிணைந்துள்ளன என்பதைக் காட்டியது. பிறர்க்கு உதவ வந்தவர் தமக்கு உதவி தேவை என ஒப்புக்கொள்வதில் நாணம் தடையாக நிற்கிறது என்பது இதனால் விளங்கும்.

இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி 1936ஆம் ஆண்டு பம்பாயில் தொடங்கிய தொராப்ஜி டாட்டா பட்டப்பள்ளியோடு அமைப்புமுறைக் கல்வியாயிற்று. சென்னை சமூகப்பணிப் பள்ளி 1952ஆம் ஆண்டில் தோன்றியது. இந்நெடிய மரபில், மாணவரின் மனநலத்தை அவர்தம் தாய்மொழியில் அளக்க வேண்டிய தேவை எழும்போது, மேற்கூறிய அளவுகோலைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் முதல் தடை அதன் பெயரேயாகும்.

4. இரக்கம் என்னும் சொல்லின் பொருட்புலம்

இரங்கு என்னும் வினைக்கு வருந்துதல், புலம்புதல், மனம் நெகிழ்தல் ஆகிய பொருள்கள் உண்டு. தொல்காப்பிய மரபில் நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல் ஆகும். அஃது ஆற்றாமையால் வருந்துதலைக் குறிக்கும். இக்காலத்தில் இரங்கல் கூட்டம், இரங்கற்பா என்பன இறப்பை ஒட்டியே வழங்குகின்றன. ஆகவே இரக்கம் என்னும் சொல்லில் துயரத்தின் சாயல் தொன்றுதொட்டுப் படிந்துள்ளது.

இச்சொல்லுக்கு மற்றுமொரு பண்பு உண்டு. இரக்கம் மேலிருந்து கீழ்நோக்கிச் செல்வது. வலியவர் எளியவர்க்கு இரங்குவர். இறைவன் அடியார்க்கு இரங்குவான். ‘தாயின்மேல் குழந்தைக்கு இரக்கம்’ என்பது இயல்பான தொடராகத் தோன்றாமைக்கு இத்திசையே காரணம். தன் என்னும் அடையோடு இரக்கம் சேரும்போது, தன்னைத் தானே எளியவனாக்கி மேலிருந்து நோக்கும் நிலை உருவாகிறது. அந்நிலை, தன் துன்பமே பெரிதென எண்ணி அதில் ஆழ்ந்து கிடத்தலாகும். தன்னிரக்கம், சுய இரக்கம், சுயபச்சாதாபம் ஆகிய மூன்றும் இக்கால எழுத்தில் இப்பொருளிலேயே, பெரும்பாலும் குறைகூறும் தொனியில், ஆளப்படுகின்றன. கழிவிரக்கம் என்பது நடந்து முடிந்ததை எண்ணி வருந்துதலைக் குறிக்கும் சொல். அதுவும் இப்பொருளுக்கு நெருங்கி வருவதுண்டு.

நெஃபின் வரையறையில், தான் மட்டும் தனித்துத் துன்புறுவதாக எண்ணுதலும் துன்பத்தில் மூழ்குதலும் எதிர்நிலைப் பண்புகள் ஆகும். தமிழில் தன்னிரக்கம் எனப்படுவது இவ்விரண்டின் கூட்டே. எனவே தன்னிரக்க அளவுகோல் என்று பெயரிட்டால், அளவுகோல் எதற்குக் குறைந்த மதிப்பெண் தருகிறதோ அதுவே அதன் பெயராகிவிடும்.

இவ்வேறுபாடு பழம்பௌத்த நூலாசிரியரும் அறிந்ததேயாகும். 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கம், கருணைக்குத் தொலைப்பகை கொடுமை என்றும், அணுக்கப்பகை துயரம் என்றும் பகுத்துரைக்கிறது. அணுக்கப்பகை என்பது கருணையைப் போலவே தோன்றி அதனைக் கெடுப்பது. தமிழில் இரக்கம் என்னும் ஒரே சொல் அறத்தையும் அதன் அணுக்கப்பகையையும் சுட்ட நேர்ந்ததே மொழிபெயர்ப்பாளரின் இடர்ப்பாட்டிற்கு வேர் எனலாம். அன்பை வளர்க்கும் பயிற்சியைத் தன்னிடமிருந்தே தொடங்க வேண்டும் என்று அந்நூல் விதிப்பதும் இங்கு நோக்கத்தக்கது.

5. தன் என்னும் அடையின் மதிப்பு

தன் என்பதை முன்னொட்டிய தொகைச்சொற்களை நிரல்படுத்தினால் ஓர் ஒழுங்கு புலப்படும். தன்னடக்கம், தற்கட்டுப்பாடு போன்றவற்றில் தன்னை ஒடுக்குதல் பொருளாகும்போது சொல் நன்மதிப்புப் பெறுகிறது. தன்னலம், தற்புகழ்ச்சி, தற்பெருமை ஆகியவற்றில் தன்னிடம் நன்மையைத் திருப்பும்போது சொல் இழிமதிப்புப் பெறுகிறது. நலம், புகழ், பெருமை ஆகியன தனித்து நிற்கையில் உயர்ந்த பொருளன. தன் சேர்ந்தவுடன் குறையாகின்றன. இவ்வொழுங்குக்குப் புறனடையாகத் தன்னம்பிக்கை, தன்மானம், சுயமரியாதை ஆகியவற்றைக் கூறலாம். இவற்றுள் சுயமரியாதை என்பது 1925ஆம் ஆண்டில் தோன்றிய இயக்கத்தின் வாயிலாக உயர்மதிப்புப் பெற்று நிலைத்தது. ஒரு சொல்லின் மதிப்பு சமூக இயக்கத்தால் மாறக்கூடும் என்பதற்கு இது சான்று; மாறுவதற்குக் காலமும் கருத்துப் பரப்பலும் வேண்டும் என்பதும் இதனால் பெறப்படும்.

சமூகப்பணி மாணவர்க்கு இவ்வொழுங்கு கூடுதல் சுமையாகிறது. தொண்டு, சேவை ஆகிய சொற்களின் சூழலில் தன்னலமற்ற, தன்னை மறந்த என்பனவே பாராட்டுத் தொடர்கள். சமூகப்பணி ஒரு தொழில்முறைத் துறை எனக் காட்டும் பொருட்டே சேவை என்பதை விடுத்துப் பணி என்னும் சொல் தெரிந்தெடுக்கப்பட்டது. எனினும் பழைய சொல்லின் எதிர்பார்ப்பு மாணவர் மனத்தில் தங்கியுள்ளது. தன்னை மறத்தலைச் சிறப்பாகக் கொண்ட ஒருவரிடம் தன்னிடம் இரங்குக என்று சொன்னால், அவர் அதனை அறிவுரையாகக் கொள்ளார். தம்மீது சுமத்தப்பட்ட குறையாகவே கொள்வர்.

6. எல்லைப்பகுதியில் பொருள்மாறும் சொற்கள்

வடமொழிச் சொல்லைக் கையாண்டால் இச்சிக்கல் தீரும் எனக் கருதலாம். பெருமாட்டி போன்ற இருமொழிச் சூழலில் அவ்வழியும் எளிதன்று. துன்பமும் பரிவும் பற்றிய வடசொற்கள் பல தமிழிலும் மலையாளத்திலும் ஒலியால் ஒத்தும் பொருளால் வேறுபட்டும் நிற்கின்றன.

அனுதாபம் என்பது தமிழில் பிறர் துன்பத்திற்கு வருந்துதல். மலையாளத்தில் அச்சொல் பெரும்பாலும் தான் செய்த தவற்றுக்கு வருந்துதலைக் குறிக்கும். தமிழ் அனுதாபத்திற்கு ஈடாக அங்குச் சஹதாபம் என்பது வழங்கும். பச்சாதாபம் தமிழில் இரக்கம் என்னும் பொருளுக்கு நகர்ந்துவிட்டது. மலையாளத்தின் பஸ்சாத்தாபம் மூலமொழிப் பொருளாகிய கழிவிரக்கத்தையே காத்து நிற்கிறது. ஆகவே சுயபச்சாதாபம் என்னும் தமிழ்ச்சொல்லை மலையாள வழிக் கல்வி பெற்ற தமிழ் மாணவர் காணின், தம் பிழைக்குத் தாமே வருந்துதல் எனப் பொருள்கொள்ள இடமுண்டு.

விஷமம் தமிழில் குறும்பு அல்லது தீக்குறும்பு; மலையாளத்தில் மனவருத்தம். சங்கடம் தமிழில் தருமசங்கடம் போன்ற இடர்ப்பாடு அல்லது கூச்சம்; மலையாளத்தில் துயரம். மனத்தில் விஷமம் உண்டு என்று ஒரு மலையாளி சொல்வது உதவி வேண்டுதலாகும். தமிழ்நாட்டிலிருந்து களப்பணிக்கு வந்த மாணவர் செவியில் அதுவே பிறர்க்குத் தீங்கு நினைத்தலாகப் படக்கூடும்.

பாவம் என்னும் சொல் இன்னும் நுட்பமானது. மலையாளத்தில் தீவினையைக் குறிக்கும் பாபமும் எளியவரைக் குறிக்கும் பாவமும் எழுத்தாலும் ஒலியாலும் வேறுபட்டவை. தமிழிலோ இரண்டும் பாவம் என ஒருவடிவின. ‘அவள் பாவம்’ என்பது இரக்கக் குறிப்பு. ‘அது பாவம்’ என்பது அறக்கண்டனம். இரக்கமும் பழியும் ஒரு சொல்லில் கூடும் மொழியில், தன்னைப் பற்றி இரக்கத்தோடு பேசும் தொடர் எளிதில் தன்பழிப்பாக மாறிவிடும்.

மக்களை நோக்கியும் இச்சொற்கள் செயற்படுகின்றன. பிளாச்சிமடையில் மக்கள் வேண்டியது நீரின்மீதான உரிமை. அப்போராட்டத்தை மலையாளம் சமரம் என்று கூறும்; தமிழில் அதனோடு ஒலியால் நெருங்கிய சமரசமோ இணங்கிப் போதலைக் குறிக்கும். களத்து மக்களைப் பாவம் என்னும் சொல்லால் மட்டும் அணுகும் மாணவர் அவர்தம் உரிமைக் குரலைக் கேளாதொழிவர். இரக்கத்தின் மேல்கீழ் நோக்கை விடுத்துப் பரிவின் சமநோக்கைக் கைக்கொள்ளுதல் பிறர்பால் வேண்டப்படுவது போன்றே தன்பாலும் வேண்டப்படுவதாகும்.

7. தமிழ்த் தொடரமைப்பில் தன்னைப் பேணல்

தமிழில் இக்கருத்தே இல்லை என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. அது பெயர்ச்சொல்லில் இல்லாமல் வினைத்தொடரில் அமைந்துள்ளது.

‘என்மேல் எனக்கே ...’ என்னும் தொடரை நிறைவு செய்யத் தமிழர்க்கு எளிதில் கிடைக்கும் சொற்கள் கோபம், வெறுப்பு, எரிச்சல் முதலியன. அன்பு, கனிவு என்பன அவ்விடத்தில் செயற்கையாக ஒலிக்கின்றன. தன்னைத் தானே நொந்துகொள்ளுதல், திட்டிக்கொள்ளுதல், பழித்துக்கொள்ளுதல் எனத் தன்னைச் செயப்படுபொருளாகக் கொண்ட தொடர்களும் கடிதலுக்கே பெரிதும் பயன்படுகின்றன.

பேணுதலைக் கூறும்போது செயப்படுபொருள் மாறுகிறது. ‘மனத்தைத் தேற்றிக்கொண்டான்’, ‘மனத்தை ஆற்றிக்கொண்டாள்’, ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்பன நாளும் வழங்கும் தொடர்கள். இங்குத் தான் என்பது நேரே வாராமல், மனம், உடம்பு எனத் தன் கூறொன்று பரிவுக்கு உரியதாகிறது. கொள் என்னும் துணைவினை அப்பயனைச் செய்வோர்க்கே உரியதாக்குகிறது. சிற்றூர்ப் பகுதியின் கொங்குச் சாயல் பேச்சில் ‘ஒடம்பப் பாத்துக்குங்க’ என்பது விடைபெறும்போது சொல்லப்படும் இயல்பான தொடர். அதில் குறைகூறும் தொனி சிறிதும் இல்லை.

இலக்கிய மரபிலும் இதற்குச் சான்று உண்டு. அகப்பாடல் மாந்தர் தம் நெஞ்சை விளித்து, அதனைத் தேற்றியும் கடிந்தும் பேசுவர். திருக்குறளின் 125ஆம் அதிகாரம் நெஞ்சொடு கிளத்தல் என்றே பெயர்பெற்றுள்ளது. துன்புறும் தன்னிடம் தானே உற்றவரைப் போலப் பேசுதல் என்னும் வடிவம் தமிழர்க்குப் புதிதன்று. உற்ற நண்பரிடம் பேசுவது போலத் தன்னிடம் பேசுக என இன்றைய உளவியலார் பயிற்றுவதற்கு இவ்வடிவம் நெருங்கியது.

ஆயினும் இத்தொடர்களையும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். தேற்றிக்கொள்ளுதல் என்பது மாற்ற இயலாத இழப்புக்கு உடன்படுதலையும் குறிக்கும். ‘சமாதானம் சொல்லிக்கொள்ளுதல்’ என்பது செய்த தவற்றுக்குச் சாக்குக் காணுதலாகவும் பொருள்படும். எனவே ஒரு தொடரை மட்டும் நம்பாமல், கூற்றின் சூழலை முழுவாக்கியத்தில் அமைத்தல் இன்றியமையாதது. ‘நான் என்மீது கனிவாக இருக்கிறேன்’ என்பதைவிட, ‘மனம் நொந்திருக்கும் வேளையில் என்னைக் கடிந்துகொள்ளாமல், எனக்கு வேண்டிய ஓய்வையும் ஆறுதலையும் தருகிறேன்’ என்பது மாணவர்க்குத் தெளிவாக விளங்கும்.

8. பிற கூறுகளின் பெயர்ப்பு

இரண்டாம் இணையின் முதற்கூறு, துன்பம் மனிதர்க்குப் பொது என்னும் உணர்வு. இதனை மனிதநேயம் எனப் பெயர்த்தல் தவறாகும். அச்சொல் பிறர்க்கு உதவும் பண்பைக் குறிக்கும். இதற்கு வேண்டியவை மனிதப் பொதுமை என்னும் கலைச்சொல்லும், ‘எனக்கு நேர்ந்தது பிறர்க்கும் நேர்வதே’ என்பது போன்ற கூற்று வடிவமுமாம். எண்ணும்மையும் எச்சவும்மையும் இக்கருத்தைச் சொற்சுருக்கத்தோடு தரவல்லன. முன்னிலையாரை உளப்படுத்தும் நாம், உளப்படுத்தாத நாங்கள் என்னும் வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. தமிழாக்கத்தில் நாம் என்பதைத் தெரிந்தாளுவதே இக்கூறுக்கு ஏற்றது.

‘யாருக்குத்தான் துன்பம் இல்லை’ என்னும் வழக்குத் தொடர் இக்கருத்தைத் தாங்கியதே. ஆனால் ‘ஊரில் இல்லாத துன்பமா உனக்கு வந்துவிட்டது’ என்று பிறர் சொல்லும்போது அதே கருத்து துன்பத்தைப் புறக்கணிக்கும் கருவியாகிறது. துன்புற்றவர் தாமே உணர்ந்து கூறினால் ஆறுதல். பிறர் கூறினால் வாயடைப்பு. கூற்றினைத் தன்மையிடத்தில் அமைப்பது இதனால் கட்டாயமாகிறது. பெட்டிமுடி போன்ற பேரிழப்பின் இடத்தில் பணிசெய்யும் மாணவர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் இன்னும் தேவை.

தனிமை என்னும் சொல் விரும்பி ஏற்கும் ஒதுக்கத்தையும் விரும்பாத பிரிவையும் ஒருங்கே குறிப்பது. அளவுகோல் குறிப்பது பின்னதை மட்டுமே. எனவே தனித்துவிடப்பட்ட உணர்வு என்பது பொருந்தும். விழிப்புடன் நோக்கல் என்னும் கூறுக்கு மனநிறைவு என்று ஒலிநயத்தால் பெயரிட்டால், மனத்திருப்தி என்னும் வேற்றுப்பொருள் புகும். திருக்குறளின் பொச்சாவாமை என்னும் அதிகாரத் தலைப்பு மறதியின்மையைச் சுட்டுவது. கருத்தால் ஓரளவு நெருங்கினும் இக்கால மாணவர்க்கு அச்சொல் விளங்காது. நினைவிருத்தல், விழிப்புணர்வு ஆகியவற்றுள் பின்னது அரசு விளம்பரங்களால் பரப்புரைப் பொருள் பெற்றுவிட்டமையின், விழிப்புநிலை என்பதை ஆளலாம்.

கருத்தின் பெயராகத் தன்பரிவு என்பதைக் கொள்ளலாம். பரிவு என்னும் சொல்லில் வருத்தத்தின் பழஞ்சாயல் இருப்பினும், இக்கால வழக்கில் அன்போடு கூடிய அக்கறையே மேலோங்கியுள்ளது. மேல்கீழ் நோக்கும் இரக்கத்தில் உள்ள அளவு அழுத்தமாக இல்லை. அருள், கருணை என்பன சமயச் சார்பு மிக்கவை. தன்னளி எனச் செய்தால் தண்ணளி என்னும் பழஞ்சொல்லோடு மயங்கும்; பேச்சில் னகர ணகர வேறுபாடு பலரிடத்து மங்கியுள்ளமையின் அம்மயக்கம் தீராது. தன்பரிவு வழக்கில் இல்லாத புதுச்சொல் என்பதே அதன் வலிமையுமாகும். பழைய இழிமதிப்பு அதனோடு ஒட்டிவாராது.

9. மீள்மொழிபெயர்ப்பின் எல்லை

வினாநிரல்களைப் பெயர்ப்போர் 1970ஆம் ஆண்டு முதல் ரிச்சர்ட் பிரிஸ்லின் விளக்கிய மீள்மொழிபெயர்ப்பு முறையைப் பெரிதும் பின்பற்றுகின்றனர். மூலத்தை ஒருவர் தமிழாக்க, மூலத்தைக் காணாத மற்றொருவர் அத்தமிழை ஆங்கிலமாக்குவார். இரு ஆங்கில வடிவங்களும் ஒத்தால் பெயர்ப்புச் சரி எனக் கொள்ளப்படும்.

தன்னிரக்கம் என்னும் சொல் இம்முறையின் வலைக்குள் சிக்காது தப்பும் இயல்பினது. இருமொழிப் புலமையுடைய இரண்டாம் பெயர்ப்பாளர் அச்சொல்லைத் தன், இரக்கம் எனப் பிரித்து உறுப்புக்கு உறுப்பு பெயர்க்கக்கூடும். அவ்வாறாயின் மூலத்தின் செல்ஃப் கம்பேஷனே மீண்டும் கிடைக்கும். தாளில் ஒப்புமை நிறைவாக இருக்கும். விடையளிக்கும் மாணவர் மனத்தில் பொருள் நேர்மாறாக இருக்கும். மீள்மொழிபெயர்ப்பு சொல்லின் உறுப்புகளைச் சோதிக்கிறதேயன்றி அதன் வழக்கைச் சோதிப்பதில்லை.

இப்பிழையின் விளைவு எண்களில் வெளிப்படும். கடிதல், தனிமை, மூழ்குதல் ஆகிய எதிர்நிலைக் கூற்றுகளைத் தமிழ் இயல்பாகச் சொல்லும். நேர்நிலைக் கூற்றுகளோ செயற்கையாக ஒலிக்கும். மாணவர் முன்னவற்றுக்கு உறுதியாகவும் பின்னவற்றுக்கு ஐயத்தோடும் விடையளிக்க நேரும். கூட்டுத்தொகை குறைந்தால், குறைந்தது மாணவரின் பரிவா, கூற்றின் பொருத்தமா என்பதைப் பிரித்தறிய இயலாது. நேர்நிலை, எதிர்நிலைக் கூற்றுகளை ஒன்றாகக் கூட்டுதல் தகுமா என்பது உளவியலாரிடையே ஏற்கெனவே விவாதத்துக்கு உள்ளான பொருள். தமிழாக்கம் அவ்விவாதத்திற்கு மொழிநிலைக் காரணம் ஒன்றையும் சேர்க்கிறது.

10. பரிந்துரைகள்

மேற்கண்டவற்றினின்று மொழிபெயர்ப்பாளர்க்குச் சில நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, பெயரை இறுதியாகவும் கூற்றுகளை முதலாகவும் பெயர்த்தல் வேண்டும். விடையளிப்போர் காணும் தாளில் கருத்தின் பெயர் இடம்பெற வேண்டிய கட்டாயமும் இல்லை.

இரண்டாவது, மீள்மொழிபெயர்ப்போடு நில்லாமல், மாணவர் சிலரிடம் ஒவ்வொரு கூற்றையும் படித்துக்காட்டி, அதனை அவர்தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்தல் வேண்டும். ‘இப்படி நடந்துகொள்ளும் ஒருவரை நீங்கள் எப்படிப்பட்டவர் என்பீர்கள்’ என்று வினவினால், கூற்றின் மதிப்புச் சாயல் வெளிப்படும். விடை தன்னலக்காரர் என்றோ சோம்பேறி என்றோ வருமாயின் அக்கூற்றைத் திருத்த வேண்டும்.

மூன்றாவது, எல்லைப்பகுதியில் தமிழ், மலையாளப் படிகளை ஒன்றை வைத்து ஒன்றைச் செய்யாமல், இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். அனுதாபம், பச்சாதாபம், விஷமம், சங்கடம் ஆகிய சொற்களை இருபடிகளிலும் விலக்குதல் நன்று. மலையாள வழி பயின்ற தமிழ் மாணவர்க்கு எழுத்துத் தமிழ் அயலாகத் தோன்றுமாயின், கூற்றுகளைப் பேச்சு வடிவில் வாய்மொழியாகக் கேட்பதற்கும் ஏற்பாடு வேண்டும்.

நான்காவது, களப்பணி அறிக்கையின் ஒரு பகுதியையேனும் மாணவர் தம் மொழியில் எழுத இடமளிக்க வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) சிகிச்சை பற்றிய செய்திகளை நோயாளி புரிந்துகொள்ளும் மொழியில் தர வேண்டும் என்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் உதவி எண் 14416 தமிழும் மலையாளமும் உட்படப் பல இந்திய மொழிகளில் செயற்படுகிறது. துன்புறுவோர்க்கு அவர்தம் மொழியில் உதவி கிடைக்க வேண்டும் என்னும் கொள்கை, உதவப் பயிலும் மாணவர்க்கும் உரியதாதல் வேண்டும்.

11. முடிவுரை

தன்னிரக்கம் என்னும் சொல் தமிழ் வழக்கில் துயரில் ஆழ்தலைக் குறிப்பதாலும், தன் என்னும் அடை நன்மையைத் தன்பால் திருப்பும்போது இழிமதிப்புத் தருவதாலும், அச்சொல் செல்ஃப் கம்பேஷன் என்பதற்கு ஈடாகாது. வடசொற்கள் மலையாள எல்லையில் பொருள்மாறி வழங்குவதால் அவையும் தீர்வாகா. தன்பரிவு என்னும் புதுச்சொல்லும், மனத்தைத் தேற்றுதல், உடம்பைப் பார்த்துக்கொள்ளுதல் என்னும் வினைத்தொடர் மரபும் இணைந்தே இக்கருத்தைத் தமிழில் நிலைநிறுத்த வல்லன. வினாநிரலின் தமிழ் மாணவரின் தமிழாக இருந்தால்தான் அதன் எண்கள் அவர்தம் மனநிலையைச் சொல்லும். அவ்வாறு அமையாத இடத்தில், நலமாக உள்ளவரை நலிந்தவர் என்றும், நலிந்தவரை நலமானவர் என்றும் கணக்கிட நேரும். அதன் விலையைச் செலுத்துவோர் மாணவரும், அவர்களை நம்பியிருக்கும் களத்து மக்களுமே ஆவர்.